'செமி-என்க்ளோஸ்ட் சீ': தமிழில் எப்படிச் சொல்வது?

வெள்ளவத்தை, புவியியல் ஆசிரியை:

அன்பின் நண்பர்களே, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பாரசீக வளைகுடா பற்றி ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான்; நம்முடைய கொழும்புத் தாமரைக் கோபுரத்தை அங்கே நிறுத்தினால் பத்தில் ஒரு பங்குதான் நனையும் என்று எழுதியிருக்கிறேன். மழையும் ஷத் அல் அரபு ஆறும் கொண்டுவருவதைவிட வெயில் குடிப்பது மிக அதிகம். அதனால் ஒரு கிலோ நீரில் 40 கிராம் அளவுக்கு உப்பு. திறந்த சமுத்திரத்தில் 35. இதெல்லாம் சிக்கலில்லாமல் தமிழில் வந்துவிட்டது. நிலம் பெருமளவு சூழ்ந்து, குறுகிய வழியால் வெளிக்கடலோடு சேரும் இப்படிப்பட்ட கடலை ஆங்கிலத்தில் 'செமி-என்க்ளோஸ்ட் சீ' என்பார்கள்; அந்தச் சொல்லில்தான் நிற்கிறேன். 'அரைமூடு கடல்' என்று வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். "மிஸ், அப்ப பாதிக்கு மூடி இருக்குமா?" என்று கேட்டான் ஒரு பொடியன்.

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொடியன் கேட்டது சரி. 'மூடுகடல்' வினைத்தொகை. மூடிய கடல், மூடுகின்ற கடல், மூடும் கடல் என மூன்று காலத்துக்கும் விரியும். 2004 சுனாமிக்குப் பிறகு 'மூடும் கடல்' என்று எந்தக் கரையோரப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். நிலத்தைக் கடல் சூழ்ந்ததாகப் பாடுவது புலவர் வழக்கு. இங்கே கடலை நிலம் சூழ்கிறது; ஆகவே 'நிலஞ்சூழ் கடல்'. 'அரை'யை விட மனமில்லை என்றால் அதற்கும் வழி உண்டு. அரை என்பது இடுப்பும்தான். அரைஞாண் கட்டுவது அங்கேதானே. உடம்பைப் பாதியாக்கும் இடம் என்பதால்தான் இடுப்புக்கு அந்தப் பெயர் என்பது என் நெடுநாள் எண்ணம். ஹோர்முஸ் நீரிணையில் அந்தக் கடலின் இடுப்பு சிறுத்திருப்பதைப் படத்தில் பாருங்கள். 'அரைக்கடல்'!

தெகிவளை, சட்ட மொழிபெயர்ப்பாளர்:

சேர், இடுப்பை விடுங்கள். நிலஞ்சூழ் கடல் என்றால் கஸ்பியன்தான் நினைவுக்கு வரும். அதற்கு வெளியே போக வாயே இல்லை.

மருதானை, முன்பு பஹ்ரைனில் வேலை செய்தவர்:

வாய் என்றதும் எழுதத் தோன்றியது. அந்தக் கடலின் சங்கதி முழுக்க வாயில்தான் இருக்கிறது. ஓமான் பக்கத்து நீர் உப்புக் குறைந்தது, இலேசானது. ஹோர்முஸ் வழியாக மேலாக உள்ளே வந்து ஈரான் கரையை ஒட்டிப் போகும். உள்ளே வெயிலில் காய்ந்து உப்பேறினால் கனம் கூடித் தாழும். அப்புறம் அடித்தளத்தோடு அதே வாயால் வெளியேறும். வாயிலிருந்து ஒதுங்கிய சல்வா குடாப் பக்கம் உப்பு 50ஐயும் தாண்டுகிறது. ஆனையிறவு உப்பளத்தில் வரம்பு கட்டி எடுப்பதை அங்கே கடல் தானாகவே செய்யப் பார்க்கிறது. எனவே 'குறுவாய்க் கடல்'.

தெகிவளை:

அழகான சொல்தான், ஆனால் சட்டத்தில் நிற்காது. 1982ஆம் ஆண்டு ஐ.நா. கடற்சட்டச் சமவாயத்தின் 122ஆவது உறுப்புரை, இரண்டோ அதிகமோ நாடுகள் சூழ்ந்த கடல் என்று தொடங்கி, குறுகிய வழியால் இன்னொரு கடலோடு இணைந்தது என்கிறது. அங்கே முடிந்திருந்தால் நீங்கள் வென்றீர்கள். 'அல்லது' என்று போட்டு, முழுதுமோ பெரும்பாலுமோ அந்நாடுகளின் ஆட்சிக்கடலும் பொருளாதார வலயமுமாக இருந்தாலும் போதும் என்கிறது. வாய் அகன்றிருந்தாலும் கணக்கில் வரும்.

கொட்டாஞ்சேனை:

'குறுவாய்' மண்பானைக்குச் சொல்வது போலிருக்கிறது. கொட்டியாரக் குடா, பாசிக்குடா என்று நம் கரையிலேயே சொல் கிடக்கிறது. 'குடாக்கடல்' என்றால் என்ன?

மருதானை:

அது வளைகுடாவுக்கே இன்னொரு பெயராகிவிடும், சேர். சிங்களத்தில் குடா என்றால் சின்னது. குடாநாட்டைச் 'சின்ன நாடு' என்று விளங்கிக்கொண்ட கொழும்புப் பிள்ளை என் வீட்டிலேயே இருக்கிறது. கரையோரக் கடல்நீர் ஏரியைப் புணர்ச்சி பிசகாமல் 'கடனீரேரி' என்று எழுதினோமே, அதிலும் பிள்ளைகள் கண்டது கடனைத்தான். அதையே களப்பு என்றால் மட்டக்களப்பில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை.

கொட்டாஞ்சேனை:

பிள்ளைக்கு விளங்கவில்லை என்று இலக்கணத்தைக் குறைப்பதா? விளங்கப்படுத்தத்தானே ஆசிரியர்?

வெள்ளவத்தை:

வியாழன் இரவு பதினொரு மணி. தனி மடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'பகுதி அடைபட்ட கடல்' என்பதற்கு நான்கு பேர், குறுவாய்க்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று. உற்சாகமாக ஆதரித்தவர் எவருமில்லை. எனக்கும் குறுவாய்தான் பிடித்தது. ஆனாலும் பரீட்சையில் பிள்ளை எழுதினால் திருத்துபவருக்கு விளங்க வேண்டும். 'பகுதி அடைபட்ட கடல்' என்றே போடுகிறேன். அடுத்த வரியில் 'வாய் குறுகியது' என்று சேர்த்திருக்கிறேன்.

கொட்டாஞ்சேனை:

அடைபட்டது என்பது மழைக்காலத்தில் உங்கள் வெள்ளவத்தைக் கால்வாய்க்குச் சொல்வது. உள்ளே வருவதும் வெளியே போவதுமாக இருக்கிற கடலுக்கு அல்ல. போடுங்கள், தடுக்கவில்லை. நன்றி நவிலலில் என் பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள்.