வயசுப் பிள்ளைகளுக்கு 'அந்த' விஷயம் சொல்லிக் கொடுக்கப் போனப்ப நடந்தது

தேவகோட்டைப் பக்கத்து நர்ஸ்:
நாலு வருஷமாச்சு, இன்னும் உறுத்துது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு பத்திப் பேசப் போயிருந்தேன். நாப்கின், சத்து மாத்திரைன்னு வழக்கமான பேச்சை முடிச்சுக் கிளம்பிட்டேன். கடைசி பெஞ்சுப் பிள்ளை ஒண்ணு வராண்டா வரைக்கும் பின்னாலேயே வந்து உள்ளங்கையை விரிச்சுக் காட்டுச்சு. நீல மையில 34, 41, 29, 44. வேர்வையில கடைசி நம்பர் பாதி கலைஞ்சிருந்துச்சு. "இத்தனை நாளைக்கு ஒருக்காத்தான்க்கா வருது. எனக்குப் புள்ளையே பிறக்காதுன்னு அப்பத்தா சொல்லுது. நெசமா?" காரைக்குடி பஸ்ஸுக்கு நேரமாச்சு. "அதெல்லாம் சரியாயிரும்த்தா"ன்னுட்டு ஓடிட்டேன். அந்த வயசுல 21லருந்து 45 நாள் வரைக்கும் சாதாரணம்னு சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது.

பள்ளத்தூர் மருமக:
எடுத்ததும் அப்பத்தாவைக் குத்தம் சொல்லாதீங்க. நான் ஆளானப்ப ரெண்டாங்கட்டுல உக்கார வச்சு உளுந்தங்களி கிண்டிப் போட்டதும் எங்க அப்பத்தாதான், "கட்டி கட்டியாப் போகுதாடி?"ன்னு வாய்விட்டுக் கேட்டதும் அவுகதான். அம்மாகூடக் கேக்கலை. அவுக சொல்லித்தான் டாக்டர்கிட்ட போனோம். ரத்தத்துல ஹீமோகுளோபின் 8தான் இருந்துச்சு.

கண்டனூர் டீச்சர்:
களி நல்லதுதான், ரத்தசோகைக்கு அது மருந்தாகாது. எங்க ஸ்கூல்ல இனப்பெருக்கப் பாடம் வந்தா "வீட்ல படிச்சுக்கங்க"ன்னு புரட்டிட்டுப் போயிருவாங்க, நானும் ஒரு வருஷம் அப்படித்தான் புரட்டினேன். அது கிடக்கட்டும். தாய்மாருங்க கவனிங்க. மூளையிலருந்து சினைப்பைக்குப் போற உத்தரவு சீராகவே ரெண்டு மூணு வருஷம் பிடிக்கும். அதுவரை பல தடவை முட்டை வெளியாகாமலே தீட்டு வரும், தேதி முன்னப்பின்ன ஆகும். உடனே ஸ்கேன் எடுத்து, "நீர்க்கட்டி, பிசிஓடி"ன்னு பிள்ளையை அழ வைக்காதீங்க. ஆளாகி எட்டு வருஷம் ஆகாத பிள்ளைக்கு ஸ்கேனை வச்சு அந்த முடிவுக்கு வரக்கூடாதுன்னு 2018 சர்வதேச வழிகாட்டுதல்லயே இருக்கு. ஆனா ஏழு நாளுக்கு மேல போனாலோ, மணிக்கொரு பேடு நனைஞ்சாலோ, 90 நாள் தாண்டியும் வரலைன்னாலோ, 15 வயசாகியும் ஆளாகலைன்னாலோ சும்மா இருக்காதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க. காலண்டர்ல தேதியைச் சுழிச்சு வைக்கப் பழக்குங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்.

பெயர் வேணாம்:
ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை குடுப்பாங்கள்ல, அதைக் கருத்தடை மாத்திரைன்னு எங்க செட்டுல ஒருத்தி கிளப்பிவிட்டா. பாதிப் பேரு நாக்குக்கடியில ஒதுக்கி வச்சு ஊரணியில துப்பினோம். முழுங்கின நாலு பேருல நானும் ஒருத்தி. மறுநாள் வெளிக்கி கறுப்பாப் போனதும் குடல் அழுகிருச்சுன்னு கக்கூஸ்லயே உக்காந்து அழுதேன். இரும்புச்சத்து உள்ள போனா அப்படித்தான் போகும்னு தெரிஞ்சது, எனக்கு மகன் பிறந்தப்ப!

தேவகோட்டைப் பக்கத்து நர்ஸ்:
டீச்சர், அந்தக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம பஸ் ஏறினதுதான் இங்க பேச்சு. அடுத்த மாசம் போனேன். பரீட்சை நடக்குதுன்னு வகுப்புக்குள்ள விடலை. அப்புறம் எனக்கு வேற பக்கம் மாத்தல் வந்துருச்சு.