குச்சிக்கிழங்கு மாவில் கவர்: மழைக்கு நிற்குமா?

ஆத்தூர்க்காரன்:
போன வாரம் வீட்டில் செய்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் அடியுங்கள். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவு 10 கிராம், தண்ணீர் 200 மில்லி, கிளிசரின் 3 மில்லி, வினிகர் ஒரு ஸ்பூன். அடுப்பில் வைத்துக் கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளைப் பாலாக இருந்தது 65, 70 டிகிரி வாக்கில் சட்டென்று கண்ணாடிக் கூழாகிவிடுகிறது. எவர்சில்வர் தட்டில் மெலிசாக ஊற்றி நிழலில் இரண்டு நாள் வைத்தேன். ஓரத்தில் நகம் கொடுத்து உரித்தால் முழுசாக வந்தது. அடியில் செய்தித்தாளை வைத்தால் எழுத்து தெரிகிறது. 2019 ஜனவரியிலேயே தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்துவிட்டது. சேலத்திலும் நாமக்கல்லிலும் கிழங்குக்கா பஞ்சம்? இதை ஏன் கவராக்கக் கூடாது?

சேகோமில்:
தம்பி, ஜவ்வரிசி வடகம் ஊற்றுகிற எந்த வீட்டிலும் இந்த வித்தை தெரியுமுங்க. வேட்டியில் வடகம் காயும்போது ஓரத்தில் கண்ணாடி மாதிரி உரியுமே, அதேதான். அதில் யாரும் தக்காளி வாங்கிப் போனதில்லை. தண்ணீரில் போட்டுப் பார்த்தீங்களா?

ஆத்தூர்க்காரன்:
போட்டேன் அண்ணா. பத்து நிமிஷத்தில் சளி மாதிரி ஆகிவிட்டது. தேன்மெழுகு பூசியும் பார்த்தேன். மடித்த இடத்தில் மெழுகு வெடித்து, அங்கேயே ஈரம் ஏறியது.

திருப்பூர் பேக்கிங்:
பனியன் கவர் வாங்குகிறவன் சொல்கிறேன். கடையில் கிடைக்கிற ‘மக்கும் பை’ எதுவும் சுத்த மாவு கிடையாது. பிபிஏடி என்கிற பாலிமரோடு மாவைக் கலந்துதான் ஊதுகிறார்கள். அந்த பிபிஏடி பெரும்பாலும் பெட்ரோலியத்தில் இருந்து வருவது, ஆனால் நுண்ணுயிர் தின்னும். இன்னொன்று, சான்றுக்கு ஐஎஸ் 17088 தரப்படி சோதிக்கிறார்கள். 58 டிகிரி சூட்டில் இருக்கும் உரத்தில் 180 நாளுக்குள் 90 சதம் சிதைந்தாக வேண்டும். நொய்யல் ஆற்றோரத்துக் குப்பையில் 58 டிகிரிக்கு எங்கே போவது? பெயரை நம்பி வாய்க்காலில் வீசினால் அதுவும் கிடக்கத்தான் செய்யும்.

ஆத்தூர்க்காரன்:
அது பிபிஏடி மேல் உள்ள குறை. என் தட்டில் இருப்பது வெறும் மாவு. ஈர மண்ணில் புதைத்தால் சில வாரத்தில் போய்விடும், 58 டிகிரி வேண்டாம்.

சேகோமில்:
சீக்கிரம் கரைகிறதுதான் அதன் குணம், அதுவேதான் அதன் கோளாறு. ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாதுங்க.

சென்னிமலை நெசவு:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் காயவைத்தால் நூல்மேல் நிற்பதும் இதே படலம்தான். வெறும் கஞ்சி போட்டால் இழை மொடமொடவென்று முறியும். அதனால் கொஞ்சம் எண்ணெய் விடுவோம். தம்பியின் கிளிசரினுக்கும் அந்த மாதிரி வேலைதான் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் கழித்து மடித்துப் பாருங்கள்.

ஆத்தூர்க்காரன்:
இப்போதுதான் மடித்தேன் ஐயா. அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. மாவின் சங்கிலிகள் நாளாக நாளாக மறுபடி அடுக்கிக்கொண்டு விறைத்துவிடும் என்று படித்திருக்கிறேன், பிரிட்ஜில் வைத்த சோறு மாதிரி. கிளிசரினைக் கூட்டினால் வளையும். ஆனால் பிசுபிசுக்கும், ஈரத்தையும் இன்னும் இழுக்கும்.

திருப்பூர் பேக்கிங்:
கப்பலில் ஒரு மாதம் போகிற சட்டைக்கு ஈரம் இழுக்கிற கவரா? சரக்கு வாங்குகிற பையர் என்னை உரித்துவிடுவார்.

காட்டுக்காரன்:
எல்லோரும் கவரையே பேசுகிறீர்கள். பத்து மாசம் காட்டில் கிடந்த கிழங்கை மில்லுக்கு ஏற்றினால் பாயிண்ட், அதாவது கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்று பார்த்துத்தான் காசு. என் கிழங்கு 28 வரும் என்று போனேன், ஒரு மில்லில் 24 என்று எழுதிக் கொடுத்தார்கள். 2020 வாக்கில் மாவுப்பூச்சி வந்து குருத்தெல்லாம் சுருண்டபோதும் இப்படித்தான் தனியாக நின்றோம். அப்புறம் 2022-இல் ஆப்பிரிக்காவில் பெனினில் இருந்து கொண்டுவந்த, அந்தப் பூச்சியை அழிக்கிற குளவியை ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்து விட்டார்கள். உங்கள் கவரால் பாயிண்டுக்கு எவ்வளவு கூடும்? அதை முதலில் சொல்லுங்கள்.

சேகோமில்:
உண்மையைச் சொன்னால் ஒன்றும் கூடாதுங்க. கவர் போடுகிறவனும் எங்களிடம் விலை குறைத்துத்தான் கேட்பான். பாயிண்ட் சண்டையை இங்கே இழுக்காதீங்க, எல்லா மில்லும் ஒன்றில்லை.

காட்டுக்காரன்:
எல்லா மில்லையும் சொல்லவில்லை. அடிபட்டதைச் சொன்னேன்.

ஆத்தூர்க்காரன்:
விலைக்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஆனால் கடைக் கவரை விட்டுவிட்டேன். நாற்றுப் பை எப்படி? பையோடு நட்டுவிடலாம். இப்போது கறுப்புக் கவரைக் கிழித்துக் கிழித்து வரப்பில் போடுகிறோமே, அது மிச்சம். கொஞ்சம் தடிமனாக, திப்பி (மாவெடுத்த பின் மிஞ்சும் சக்கை) கலந்து செய்தால் வலுவும் வரும்.

சேகோமில்:
திப்பி மாட்டுக்குப் போகிறது, அதற்கும் விலை இருக்கு. தினம் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் உங்கள் பை நாலு நாள் தாங்காது. நாற்றுக்கோ இருபத்தைந்து நாள் வேண்டும்.

காட்டுக்காரன்:
தம்பி, பத்துப் பை அனுப்புங்கள். தக்காளி விதை என்னிடம் இருக்கு, தண்ணீரும் நானே ஊற்றுகிறேன். கரைந்தால் கரைந்தது என்று போட்டோ போடுவேன்.

சேகோமில்:
நாலாம் நாள் போட்டோவுக்குக் காத்திருக்கேன்.