நோட்.ஜேஎஸ் 20-இல் பழைய ரியாக்ட் ப்ராஜெக்ட் இன்ஸ்டாலும் ஆகவில்லை, பில்டும் ஆகவில்லை

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. நாலைந்து வருடமாக யாரும் தொடாத ஒரு ரியாக்ட் ப்ராஜெக்ட் என் கைக்கு வந்திருக்கிறது. ரியாக்ட் 17, ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 4 (பில்ட் செய்யும் கருவித்தொகுப்பு), நோட்-சாஸ் 4.14 (சாஸில் எழுதிய ஸ்டைலை சிஎஸ்எஸ்ஸாக மாற்றும் பேக்கேஜ்). என் லேப்டாப்பில் இருப்பது நோட் (நோட்.ஜேஎஸ்) 20. பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் கொடுத்தால் இ-ரிசால்வ் என்ற பிழையோடு நின்றுவிடுகிறது, ஃபோர்ஸ் ஆப்ஷன் போட்டுத் தள்ளினால் நோட்-ஜிப் (சி++ பேக்கேஜ்களைக் கம்பைல் செய்யும் கருவி) வந்து பைத்தான் கிடைக்கவில்லை என்று பக்கம் பக்கமாகக் கொட்டுகிறது. நோட் 14-க்கே போய்விடு என்கிறார் டீமில் ஒருவர், லாக் ஃபைலை (ஒவ்வொரு பேக்கேஜின் துல்லியமான வெர்ஷனையும் குறித்துவைக்கும் ஃபைல்) அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய் என்கிறார் இன்னொருவர். ஜாவாஸ்கிரிப்ட் ப்ராஜெக்டில் பைத்தானுக்கு என்ன வேலை? எங்கே தொடங்குவது?

பதில் 1:
லாக் ஃபைலை அழிக்காதீர்கள். அதை அழித்தால் கேரட் குறி (^, புது வெர்ஷனும் வரலாம் என்று பொருள்) போட்ட பேக்கேஜ் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே ஏறிவிடும், அப்புறம் எது எதை உடைத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பைத்தான் கேட்பது நோட்-சாஸ்தான். அது சி++-இல் எழுதிய லிப்சாஸ் என்ற சாஸ் கம்பைலரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. உங்கள் நோட் வெர்ஷனுக்கு முன்கூட்டியே கம்பைல் செய்த பைனரி இருந்தால் இறக்கிக்கொள்ளும், இல்லையென்றால் உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யப் பார்க்கும், அதற்குத்தான் பைத்தான், அதுவும் பைத்தான் 2. நோட்-சாஸ் 4.14-க்கு நோட் 14 வரைதான் பைனரி உண்டு. லிப்சாஸையே இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று 2020-இல் அறிவித்துவிட்டார்கள், அதனால் பைத்தானை இன்ஸ்டால் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம். நோட்-சாஸை எடுத்துவிட்டு சாஸ் என்ற பேக்கேஜைப் போடுங்கள், அது டார்ட் சாஸ், கம்பைல் தொல்லையே இல்லை. உங்கள் சாஸ்-லோடர் (சாஸ் ஃபைல்களை பில்டில் சேர்க்கும் பகுதி) அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சாய்கோடு போட்டு வகுத்திருக்கும் இடங்களில் எச்சரிக்கை வரும், பில்ட் நிற்காது, பொறுமையாக மேத் டிவ் என்ற ஃபங்ஷனுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 2:
இ-ரிசால்வ் தனிக் கதை. என்பிஎம் 7-இலிருந்து பியர் டிபெண்டன்சியையும் (ஒரு பேக்கேஜ் தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கும் இன்னொரு பேக்கேஜ்) தானே இன்ஸ்டால் செய்கிறது, முரண்பட்டால் நிறுத்திவிடுகிறது. பிழைச் செய்தியில் 'ஃபவுண்ட்' என்ற வரியையும் 'குட் நாட் ரிசால்வ்' என்ற வரியையும் மட்டும் படியுங்கள், ரியாக்ட் 16-தான் வேண்டும் என்று ஏதோ ஒரு பழைய டேட்பிக்கரோ டேபிளோ அடம்பிடிப்பது தெரியும். அந்த ஒன்றை மட்டும் மேலே ஏற்றுங்கள். பியர் முரண்பாட்டைக் கண்டுகொள்ளாமல் விடும் லெகஸி பியர் டெப்ஸ் ஆப்ஷனைப் போட்டால் இன்ஸ்டால் ஆகும்தான், ஆனால் முரண்பாடு உள்ளேயே இருக்கும். ஃபோர்ஸ் அதைவிட மோசம், தயவுசெய்து வேண்டாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி, இன்ஸ்டால் ஆகிவிட்டது. டேபிள் லைப்ரரிதான் காரணம். இப்போது பில்டில் 'டிஜிட்டல் என்வலப் ரொட்டீன்ஸ் அன்சப்போர்ட்டட்' என்று வருகிறது.

பதில் 1:
எதிர்பார்த்ததுதான். ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 4-க்குள் இருப்பது வெப்பேக் 4 (ஃபைல்களையெல்லாம் ஒன்றாகக் கட்டும் கருவி), அது ஹாஷ் (ஃபைலுக்கான சுருக்க அடையாளம்) போட எம்டி4 என்ற பழைய அல்காரிதத்தைப் பயன்படுத்தும். நோட் 17-இல் ஓப்பன்-எஸ்எஸ்எல் 3 (குறியாக்க லைப்ரரி) வந்தபோது எம்டி4-ஐ ஓரங்கட்டிவிட்டார்கள். நோட் ஆப்ஷன்ஸ் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஓப்பன்-எஸ்எஸ்எல் லெகஸி ப்ரொவைடர் கொடுத்தால் உடனே ஓடும், இன்றைக்கே டெமோ இருந்தால் அதைச் செய்யுங்கள். ஆனால் அது பழைய அல்காரிதங்களைத் திரும்பத் திறந்துவிடுவது, பில்ட் சர்வரில் நிரந்தரமாக வைக்கக் கூடாது. சரியான வழி ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 5, அதில் வெப்பேக் 5.

பதில் 3:
ரியாக்ட்-ஸ்கிரிப்ட்ஸ் 5-க்குப் போனதும் 'கிரிப்டோ கிடைக்கவில்லை', 'ஸ்ட்ரீம் கிடைக்கவில்லை' என்று வரலாம், ஏனென்றால் நோட்டின் உள் மாட்யூல்களுக்கு வெப்பேக் 4 தானாகவே பாலிஃபில் (பிரவுசரில் இல்லாததற்கு மாற்றுக் கோட்) போட்டுவந்தது, வெப்பேக் 5 போடுவதில்லை. எந்த ஃபைல் கேட்கிறது என்று பிழையிலேயே பாதை இருக்கும். அந்தப் பேக்கேஜை யார் இழுத்துவந்தார்கள் என்று என்பிஎம் எக்ஸ்ப்ளெய்ன் கொடுத்தால் காட்டிவிடும், பெரும்பாலும் அந்த லைப்ரரியின் புது வெர்ஷனில் சரிசெய்திருப்பார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு கமிட் போடுங்கள், லாக் ஃபைலையும் சேர்த்து. பில்ட் சர்வரில் என்பிஎம் இன்ஸ்டாலுக்குப் பதில் என்பிஎம் சிஐ வைத்துவிடுங்கள், லாக் ஃபைலில் உள்ளதை மட்டும்தான் போடும், பேக்கேஜ் ஜேசன் ஃபைலோடு (ப்ராஜெக்டின் பேக்கேஜ் பட்டியல்) ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும்.