காலை ஜெபத்துக்கு நேரமே கிடைக்கவில்லை, நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நெல்லை அம்மா:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். இரண்டு பிள்ளைகள், ஸ்கூல் வேன் 7.10க்கு வாசலில் நிற்கும், அவருக்கும் சாப்பாடு கட்ட வேண்டும், குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் கேட்கவே வேண்டாம். 5 மணிக்கு எழுந்து முழங்காலில் நின்றால் இரண்டு வரி ஜெபிப்பதற்குள் கட்டிலிலேயே தலை சாய்ந்து தூங்கிப்போகிறேன். கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கித்த ஒருவர் 4 மணிக்கு எழாதவர்களைப் பற்றிப் பேசியதிலிருந்து மனசு உறுத்துகிறது. பஸ்ஸில் ஜெபித்தால் கணக்கில் வருமா?

ராத்திரி டியூட்டி:
அக்கா, நான் நைட் டியூட்டி பார்க்கிற நர்ஸ். எனக்கு விடிவதே மதியம் 2 மணிக்குத்தான். எழுந்ததும் ஒரு சங்கீதம், அதை வைத்தே ஜெபம். முன்பு போனில் வாசித்தேன், வாட்ஸ்அப் மெசேஜ் வந்து விழும், கொஞ்ச நேரத்தில் யார் வீட்டு வளைகாப்பு போட்டோவையோ பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது பழைய புத்தக பைபிள்தான். அப்புறம் இன்னொன்று, 55ஆம் சங்கீதத்தில் அந்தி, சந்தி, மத்தியானம் என்று சொல்லும்போது அந்திதான் முதலில் வருகிறது, யூதர்களுக்கு நாளே சாயங்காலத்தில்தான் தொடங்கும். ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்?

கடைசி பெஞ்ச்:
தங்கச்சி, 4 மணி என்று வேதத்தில் எங்கே இருக்கிறது? இயேசு அதிகாலையில் ஜெபித்ததைச் சொல்லும் மாற்கு 1:35ஐ மட்டும் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள், முன்னும் பின்னும் வாசிப்பதில்லை. முந்தின நாள் சூரியன் அஸ்தமித்த பிறகு நோயாளிகளோடு ஊரே வாசலில் கூடியிருந்தது. அதற்குப் பிறகுதான் இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்க வனாந்தரமான இடத்துக்குப் போகிறார். அங்கேயும் அவருடைய சீடன் சீமோன் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறான். இரு, இன்னும் முடிக்கவில்லை என்று அவர் சொன்னதாக இல்லை, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று கிளம்பிவிட்டார். உங்கள் வீட்டுச் சீமோன்கள் டிபன் பாக்ஸ் கேட்டு வருகிறார்கள், அவ்வளவுதான். பஸ்ஸில் தாராளமாக ஜெபியுங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள், தனியாக ஒரு மூலை வேண்டும். எனக்கு மொட்டை மாடி.

தரங்கை மகள்:
நாங்கள் லுத்தரன் குடும்பம், அப்பா கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். 1529இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற போதனைப் புத்தகத்தில் காலை ஜெபத்துக்கு ஒழுங்கு இருக்கிறது: எழுந்ததும் சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம், விருப்பப்பட்டால் ஒரு சின்ன ஜெபம், அப்புறம் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு சந்தோஷமாக வேலைக்குப் போ என்கிறார். நிதானமாகச் சொன்னாலும் 5 நிமிஷம்தான். முக்கியமாக, முழங்காலில் நின்றோ எழுந்து நின்றோ என்றுதான் எழுதியிருக்கிறார். தூக்கம் வருகிற உங்களுக்கு இரண்டாவதுதான் சரி.

நெல்லை அம்மா:
தம்பி, 11 மணிக்குப் படுப்பது சீரியல் பார்த்து இல்லை, பாத்திரம் கழுவித்தான்! ஆனாலும் நீங்கள் சொன்ன பிறகு இரண்டு நாளாக அதை அவரிடம் தள்ளிவிட்டு 10 மணிக்கே படுத்தேன். இன்று ஜன்னல் பக்கம் நின்றுகொண்டே ஜெபித்தேன், தூங்கவில்லை. பரமண்டல ஜெபம் பாதியில் இருக்கும்போது சின்னவள் எழுந்து வந்து நைட்டியைப் பிடித்து இழுத்தாள். வா சீமோனே என்று தூக்கி வைத்துக்கொண்டு மீதியைச் சொன்னேன்.