அம்மாவின் பிரெஞ்சு பென்ஷனை ஆப் வங்கிக்கு மாற்றலாமா?

குருசுக்குப்பம் மகள் (கேள்வி)

வணக்கம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் புதுச்சேரிக் குடும்பங்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

என் அப்பா சொல்தா. 1964ல் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து 1981ல் ஓய்வு பெற்று, குருசுக்குப்பத்துக்கே திரும்பி வந்தவர். நடக்க முடிந்தவரை ஒவ்வொரு ஜூலை 14க்கும் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்துக்குப் போவார். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பென்ஷனில் பாதி இப்போது அம்மாவுக்கு வருகிறது. மாதம் 640 யூரோ. அம்மாவுக்கு 77 வயது. பாஸ்போர்ட் பிரெஞ்சுதான், ஆனால் பிரான்சுக்குப் போனது வாழ்நாளில் இரண்டே முறை, அண்ணன் பிள்ளைகள் பிறந்தபோது.

பணம் பிரான்சிலிருந்து நேராக இங்குள்ள அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு வருகிறது. தாளில் 640 என்று இருக்கும், கணக்கில் ஏறும்போது எப்போதும் குறைந்திருக்கும். எவ்வளவு குறையும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். அதுகூடப் பரவாயில்லை. சில மாதம் பணத்தைக் கிளையிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, இது என்ன பணம், யார் அனுப்பியது என்று கேட்கிறார்கள். போன ஆகஸ்டில் ஒன்பது நாள் நின்றது. சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் கடனில் வாங்கினோம். மருந்துக்கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அம்மா அந்த ஒன்பது நாளும் கோயிலுக்கு அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனார். அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் கடன் சொல்லிப் பொருள் வாங்கியதில்லை.

பிரான்சில் சார்செலில் இருக்கும் அண்ணன் ஒரு வழி சொல்கிறார். அங்கே கிளையே இல்லாமல் ஃபோனில் மட்டும் நடக்கும் வங்கிகள் உண்டாம். ரெவொலுட், என்26 என்று பெயர் சொன்னார். அம்மா பெயரில் அப்படி ஒரு கணக்கை அவருடைய விலாசத்தைக் கொடுத்துத் திறந்து, பென்ஷனை அதற்கு மாற்றிவிட்டால், அங்கிருந்து குறைந்த செலவில் அவர் இங்கே அனுப்பிவிடுவாராம். அது முடியாவிட்டால் தன் கணக்குக்கே வரட்டும் என்கிறார். அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிரான்சைச் சேராத ஐபானை, அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண்ணை, பென்ஷன் அலுவலகம் ஏற்குமா? ஏற்றாலும், அம்மா கையில் இல்லாத ஒரு கணக்குக்கு அம்மாவின் பணம் போவது சரியா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் ஓய்வூதியர்

வணக்கம்மா. நான் கடலூர்க்காரன். 31 வருடம் வங்கியில் இருந்தேன், அதில் கடைசி 12 வருடம் புதுச்சேரியில் அந்நியச் செலாவணி மேசை. உங்கள் அம்மா மாதிரி எத்தனையோ பேருக்குச் சீட்டு எழுதியிருக்கிறேன்.

முதலில் அண்ணன் கேட்டது. ஐபானின் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். பிரான்சுக்கு எஃப்ஆர், ஜெர்மனிக்கு டிஇ, லிதுவேனியாவுக்கு எல்டி. யூரோவில் பணம் கொடுப்பவர் எங்கள் நாட்டு ஐபான்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது. 2012ல் வந்த ஐரோப்பிய ஒழுங்குமுறை 260 அதைத் தடை செய்கிறது. என்26 ஜெர்மானிய வங்கி, ரெவொலுட் லிதுவேனியாவில் உரிமம் பெற்றது. அதைக் காரணம் காட்டிப் பென்ஷன் அலுவலகம் மறுக்க முடியாது. ஆப் வங்கியா கல்கட்டிட வங்கியா என்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

ஆனால் கணக்கு பென்ஷன்தாரர் பெயரில் இருக்க வேண்டும், அல்லது அவரும் ஒருவராக இருக்கும் கூட்டுக் கணக்காக இருக்க வேண்டும். மகனுடைய தனிக் கணக்குக்குத் தாயின் பென்ஷன் போகாது. அதோடு 2025 அக்டோபர் 9 முதல் யூரோ நாட்டு வங்கிகள் பணம் அனுப்புமுன் ஐபானும் பெயரும் பொருந்துகிறதா என்று சரிபார்த்துக் காட்ட வேண்டும். ஆகவே இரண்டாவது யோசனையை அண்ணன் மறந்துவிடலாம்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். பணம் நிற்பதற்குக் காரணம் பெயர் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு நிர்வாகம் ஒரு பெண்ணைச் சாகும்வரை பிறந்த வீட்டுப் பெயரில்தான் அடையாளம் காணும். கணவர் பெயர் அவர்களுக்குப் புழக்கப் பெயர் மட்டுமே. நம் பாஸ்புக்கில் கணவர் பெயர் இனிஷியலாகவோ பின்பாதியாகவோ இருக்கும். வங்கிகள் பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் செய்தியில் வரும் பெயர் ஒன்று, கணக்கில் இருக்கும் பெயர் வேறு. மேசையில் பழகிய ஆள் இருக்கும் மாதம் பணம் ஏறிவிடும். அவர் விடுப்பில் போய்ப் புது ஆள் வந்தால், தப்பான கணக்கில் வரவு வைத்துவிடக் கூடாதே என்று நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நானும் நிறுத்தியிருக்கிறேன்.

வீட்டில் அப்பாவின் லிவ்ரே த ஃபாமி, அந்தக் குடும்பப் புத்தகம், இருக்கும். தேடி எடுங்கள். அதில் அம்மாவின் இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும். அதன் நகல், பாஸ்போர்ட் நகல், பென்ஷன் ஆணையின் நகல், மூன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்து, மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். ஒவ்வொரு மாதமும் இன்ன இடத்திலிருந்து இந்தப் பென்ஷன் வரும், இந்த இரண்டு பெயரும் ஒருவரே, வந்ததும் ரூபாயாக மாற்றி இந்தக் கணக்கில் வரவு வைக்கவும் என்று நிலையான அறிவுறுத்தலாக எழுதுங்கள். பிரெஞ்சுத் தாளை மட்டும் கொடுத்தால் அது கோப்பில் தூங்கும். மொழிபெயர்ப்பு முக்கியம். உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

குறையும் தொகை பற்றி. நடுவில் கைமாற்றும் வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும். கிளையில் ஸ்விஃப்ட் நகல் கேளுங்கள், புறப்பட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தெரியும். அப்புறம் ஜிஎஸ்டி. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 1 சதவீதத்தைச் சேவை மதிப்பாக எடுத்து அதில் 18 சதவீதம். 64,000 ரூபாய் என்றால் 640, அதில் வரி 115 ரூபாய் 20 காசு. எவ்வளவு சின்னத் தொகையானாலும் 45 ரூபாய்க்குக் குறையாது. உண்மையில் அதிகம் போவது மாற்று விகிதத்தில்தான். அன்றைய டிடி பையிங் ரேட், அதாவது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை வங்கி வாங்கும் விகிதம், என்ன, உங்களுக்குப் போட்டது என்ன என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிற வாடிக்கையாளருக்கு நல்ல விகிதம் கிடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

முத்தியால்பேட்டை தம்பி

அக்கா, அண்ணன் சொன்ன அதே காரியத்தை எங்கள் வீட்டில் செய்தோம். பாட்டிக்கு. எந்த ஆப் என்று சொல்லவில்லை.

மாமா விலாசம், மாமாவின் பிரெஞ்சு ஃபோன் எண். நாலு மாதம் அருமையாகப் போனது. ஐந்தாவது மாதம் ஆப் பாட்டியின் முகத்தைக் காட்டச் சொன்னது. பாட்டி இங்கே, ஃபோன் மாமாவிடம் அங்கே. இங்கே என் ஃபோனில் போட்டு முகம் காட்டினோம். உடனே எந்த நாட்டில் வசிக்கிறீர்கள், வசிப்பிடச் சான்று அனுப்புங்கள் என்று கேட்டார்கள். மின்கட்டண ரசீது பாட்டி பெயரில் அங்கே எப்படி இருக்கும்? கணக்கு முடங்கியது. உள்ளே இரண்டு மாதப் பென்ஷன். போய் நின்று பேச ஒரு கிளை இல்லை. அரட்டைப் பெட்டியில் மட்டும்தான் பேச முடியும், அதுவும் பிரெஞ்சில். பணம் திரும்பக் கைக்கு வர ஏழு வாரம் ஆனது. பாட்டி அந்த ஏழு வாரமும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மனதில் இருக்கிறது, ஏனென்றால் ஆப்பைப் போட்டுக் கொடுத்தது நான்.

ஐபானை விடப் பெரிய பிரச்சினை விலாசம். அந்த வங்கிகள் அங்கே வசிப்பவர்களுக்குத்தான் கணக்கு தருகின்றன. பொய் விலாசம் கொடுத்தால் அது அந்தக் கணக்கோடு நிற்காது அக்கா. பென்ஷன் அலுவலகத்திலும் அதே விலாசம் ஏறினால் பாட்டி பிரான்சில் வசிப்பவர் ஆகிவிடுவார். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு வருடா வருடம் வரும் உயிர்வாழ் சான்று படிவம் வராது. அது வசதி என்று சிலர் நினைக்கிறார்கள். பின்னால் ஒரு நாள் உண்மை தெரிந்தால், கணக்குச் சொல்ல வேண்டியது பிள்ளைகள்தான்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் முதியோருக்கான அஸ்பா உதவித்தொகையும் இப்படி வாங்கலாம் என்று யோசித்தார்கள். அதற்கு வருடத்தில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சில் இருக்க வேண்டும், 2023 செப்டம்பர் முதல் அப்படி விதி. உங்கள் அம்மாவுக்கு வரும் பென்ஷன் அப்படி இல்லை. அப்பாவின் உழைப்புக்கான பணம், புதுச்சேரியில் உட்கார்ந்தே உரிமையோடு வாங்கலாம். அதற்குப் பொய் விலாசம் எதற்கு?

குருசுக்குப்பம் மகள்

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. லிவ்ரே த ஃபாமி கிடைத்துவிட்டது. அப்பாவின் தகரப் பெட்டியில் பதக்கங்களுக்கு அடியில் இருந்தது. ஐயா சொன்னது அப்படியே சரி. பாஸ்புக்கில் அம்மா பெயரோடு அப்பா பெயர், பிரெஞ்சுத் தாளில் எல்லாம் தாத்தா பெயர்.

இன்னொன்று கேட்கிறேன். அண்ணன் விடுமுறைக்கு வரும்போது, பொய் விலாசம் இல்லாமல், கூட்டுக் கணக்காக அங்கே ஏதாவது கிளை உள்ள வங்கியில் வைத்துக்கொண்டால் என்ன என்கிறார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று. அதில் இங்கே வரி சம்பந்தமாக ஏதும் உண்டா?

லாஸ்பேட்டை ஆடிட்டர்

உண்டு. பலர் இதில்தான் தெரியாமல் சிக்குகிறார்கள்.

பாஸ்போர்ட் எந்த நாடு என்பதை வைத்து வருமான வரியில் வசிப்பவரா என்று முடிவு செய்வதில்லை. ஒரு நிதியாண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே போதும். உங்கள் அம்மா முழு வருடமும் இங்கே இருக்கிறார், பல வருடமாக. எனவே அவர் இந்தியாவில் வசிப்பவர்தான். அப்படிப்பட்டவருக்கு வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு இருந்தால், அதில் பத்து யூரோ இருந்தாலும், வரிக்கணக்கில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் காட்ட வேண்டும். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இதற்காகவே கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். எளிய ஐடிஆர் 1 படிவம் அப்போது பயன்படாது. அந்தப் பகுதிக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு, மற்றதெல்லாம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. வயதானவர்களுக்கு இது தலைவலி. ஃபோன் வங்கியும் இதில் கணக்குத்தான், ஆப்தானே என்று விட முடியாது.

காட்டாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். 2024 அக்டோபர் 1 முதல், வீடு நிலம் நீங்கலான வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை என்று தளர்த்தியிருக்கிறார்கள். காட்ட வேண்டிய கடமை அப்படியேதான் இருக்கிறது. அதோடு, இங்கே வசிப்பவருக்கு வெளிநாட்டில் சேரும் பணத்தை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் சொல்கிறது. பென்ஷனை அங்கேயே சேர்த்து வைப்பது அதோடு ஒத்துப் போகாது.

பென்ஷன் மீதான வரி எந்த நாட்டுக்கு என்பதை 1992ல் கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு வரி ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்ஷன் ஆணையை ஒரு ஆடிட்டரிடம் நேரில் காட்டுங்கள். பொதுவெளியில் ஒரு வரியில் சொல்லிவிடக் கூடிய விஷயம் இல்லை.

என்னைக் கேட்டால், நேராக இங்கே வருவதுதான் அம்மாவுக்கு நல்லது. மாதம் சில நூறு ரூபாய் கட்டணம் போகட்டும்.

குருசுக்குப்பம் மகள்

கடிதம் கொடுத்துவிட்டேன். மொழிபெயர்ப்புகளைப் பார்த்ததும் மேலாளர் இரண்டு பெயரையும் கணினியில் குறிப்பாக ஏற்றச் சொன்னார். இந்த மாதப் பணம் வந்த அன்றே கணக்கில் ஏறிவிட்டது. விகிதமும் கேட்டேன், கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலில் வருத்தப்பட்டார், தம்பியின் பாட்டி கதையைக் கேட்டதும் சரி விடு என்றுவிட்டார்.

ஐயாவுக்கு ஒரு கேள்வி. இப்போது கிளை கொஞ்சம் தூரம். வீட்டருகே உள்ள வேறு வங்கிக்கு மாற்ற அம்மா ஆசைப்படுகிறார். உடனே பழையதை மூடிவிடலாமா?

மஞ்சக்குப்பம் ஓய்வூதியர்

மூடாதீர்கள் அம்மா. புதுக் கணக்கின் விவரத்தை அனுப்பினாலும் ஒன்றிரண்டு மாதம் பழைய இடத்துக்கே வரும். மூடிய கணக்குக்கு வந்த பணம் பிரான்சுக்கே திரும்பிப் போகும், அங்கிருந்து மறுபடி வரவழைப்பது பெரிய பாடு. புதியதில் ஒரு முறை பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை முடியுங்கள். நம் நாட்டில் ஐபான் கிடையாது, அதனால் கணக்கு எண்ணோடு கிளையின் ஸ்விஃப்ட் குறியீட்டையும் எழுதுங்கள். சின்னக் கிளைகளுக்குத் தனிக் குறியீடு இருக்காது, எந்தக் கிளை வழியாக வரும் என்று கேட்டு அதைக் கொடுங்கள். பெயரை இந்த முறை இரண்டு விதமாகவும் எழுதிக் கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள்.