கடவுச்சொல்லுக்குப் பின் கறுத்த திரை

கேள்வி (கிளிநொச்சி): நேற்று மின்சாரம் தடைப்பட்டபோது, பழைய மின்கலமுள்ள என் மடிக்கணினி இடையில் நின்றுவிட்டது. இப்போது விண்டோஸ் 11 கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பின்னும், சுட்டியின் அம்பு மட்டும் தெரியத் திரை கறுத்தே கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (மாங்குளம்): அம்பு தெரிவதால் திரையில் பழுதில்லை என்றே கருதுகிறேன். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் வரைகலை இயக்கி மீளத் தொடங்கும். பயனில்லையெனில், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் விசைகளால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய பணியாக 'எக்ஸ்புளோரர்' என்பதை ஆங்கிலத்தில் (explorer) தட்டச்சிட்டு இயக்குங்கள்.

பதில் (முல்லைத்தீவு): அதுவும் கைகொடுக்காவிட்டால், உள்நுழைவுத் திரையில் ஷிப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து அடிப்படை இயக்கிகளோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் சேஃப் மோடுக்குச் செல்லலாம், அண்ணா. அப்போது, வட்டிலுள்ள தரவுகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்கக்கூடும். முன்கூட்டியே தேடி வையுங்கள்.

கேட்டவர்: டாஸ்க் மேனேஜர் வழியே திரை வந்துவிட்டது. முதல் வேலையாக மகளின் பாடக் கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.