காற்று வரட்டும் என்று காத்திருந்த பைலட்: பாராகிளைடிங் போய்வந்த டெல்டாக்காரர்களின் அனுபவங்கள்

குடமுருட்டிக்கரை:

கோடை விடுமுறைக்கு இமாச்சல் போகலாம், பீர் பில்லிங்கில் பாராகிளைடிங், அதாவது துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு பறக்கலாம் என்று நம் பக்கத்தில் நிறைய பேர் விசாரிக்கிறார்கள். போன சித்திரையில் நாங்கள் குடும்பத்தோடு போய்வந்தோம். அப்பாவும் பறந்தார். அறுபதைத் தாண்டியவர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலத்தை இன்னும் தானே பார்த்துக்கொள்கிறவர். போகிறவர்களுக்கு உபயோகப்படும் என்று நினைப்பதை எழுதுகிறேன். மற்றவர்களும் அவரவர் அனுபவத்தைச் சேருங்கள்.

பீர் என்பது கீழே இருக்கிற ஊர். பில்லிங் மேலே இருக்கிற புல்வெளிச் சரிவு. காங்க்ரா மாவட்டம், தௌலாதார் மலைத்தொடரின் பக்கம். பில்லிங் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,400 மீட்டர் உயரம். இறங்குகிற மைதானம் அதைவிடச் சுமார் ஆயிரம் மீட்டர் கீழே. பீரிலிருந்து 14 கிலோமீட்டர் வளைந்து வளைந்து வண்டியில் ஏறவேண்டும். 2015இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கே நடந்தது. நமக்கு உயரம் என்றால் கோபுரம்தான். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி, தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த நாம், காலுக்குக் கீழே மூவாயிரம் அடிக்கு வெறும் காற்றுதான் என்கிற இடத்தில் போய் நிற்பது வேறு விஷயம்.

காலையிலேயே மேலே போய்விட்டோம். பைலட் அந்த ஊர்க்காரர், முப்பது வயது இருக்கும். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கொம்பில் கட்டியிருந்த காற்றுத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். துணி சரிவுப் பக்கம் பறந்தது. அதாவது காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. பாராகிளைடர் எதிர்க்காற்றில்தான் கிளம்ப முடியும். வெயில் ஏறி, மலைச்சரிவு சூடாகி, அங்கிருக்கிற காற்று மேலே எழும்ப ஆரம்பித்தால்தான் அது முகத்துக்கு நேராக வரும். அதுவரை கிளம்பமாட்டேன் என்றார். பக்கத்தில் ஒரு கூட்டம், சாயங்காலம் பஸ் பிடிக்கவேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தது. அவர் அசைந்துகொடுக்கவில்லை.

அந்த ஒன்றிலேயே அப்பாவுக்கு ஆளைப் பிடித்துப்போய்விட்டது. இப்போது அறுவடைக்கு மெஷின் வந்துவிட்டது. அப்பா வயதுக்காரர்கள் களத்தில் நெல் தூற்ற முறத்தைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு காற்றுக்காக நின்றவர்கள். காற்று நின்றுபோனால் பதரும் நெல்லும் ஒன்றாகவே காலடியில் கொட்டும். அப்பா எழுந்துபோய்க் காய்ந்த புல்லைக் கொஞ்சம் கிள்ளி, கையை உயர்த்தி விட்டுப் பார்த்தார். புல் பள்ளத்துப் பக்கம் போய் விழுந்தது. பைலட் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் அப்படியே புல்லைக் கிள்ளி விட்டுவிட்டு, அப்பாவைப் பார்த்து, ‘இன்னும் இல்லை’ என்று தலையை ஆட்டினார். அப்பாவுக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். ரேட், வீடியோ, தங்குகிற இடம் எல்லாம் அப்புறம். காற்று சரியில்லை என்றால் ‘இப்போது வேண்டாம்’ என்று சொல்கிற பைலட்டா என்று பாருங்கள். அதை மேலே போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில்லை. முன்பதிவு செய்யும்போதே, காற்று அமையாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, மறுநாள் ஏற்றிக்கொள்வீர்களா என்று கேளுங்கள். தயங்காமல் சரி என்பவருக்கு நம்மை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்கிற நெருக்கடி இருக்காது. நம் பக்கமும் நெருக்கடி இருக்கக்கூடாது. பறக்கிற நாளுக்கு மறுநாளையும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அதே ராத்திரி டெல்லி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டுப் போய் நின்றால், அவசரப்படுத்துகிற கூட்டத்தில் நாமும் ஒருவராகிவிடுவோம்.

அப்புறம் சாமான்கள். இரண்டு பேரைத் தூக்குகிற டேன்டம் இறக்கை ஏறக்குறைய நாற்பது சதுர மீட்டர். நம் கணக்கில் மூன்று குழி, ஒரு சென்ட் நிலம். அவ்வளவு துணியும் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடுகிறது. பயணி முன்னால், பைலட் பின்னால். இரண்டு பேருக்கும் தனித்தனி ஹார்னஸ் (இறக்கையோடு நம்மைப் பிணைக்கிற பட்டைகள் வைத்த இருக்கை), தலைக்கு ஹெல்மெட். பைலட்டின் ஹார்னஸில் அவசரத்துக்கு ஒரு பாராசூட் இருக்க வேண்டும்; எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லிக் கேட்டேன், காட்டினார். இமாச்சல் சுற்றுலாத் துறையில் பதிவு செய்த பைலட்தானா என்றும் கேளுங்கள். அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

நம் வேலை ஒன்றே ஒன்று: ஓடுவது. இறக்கை தலைக்குமேல் எழும்பியதும் பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். உடம்பு தானாக உட்காரப் பார்க்கும். உட்காரக்கூடாது. கால் தரையை விட்ட பிறகும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், பைலட் சொன்ன பிறகுதான் சாய்ந்து உட்கார வேண்டும். அப்பாவுக்கு மொழி புரியாது என்பதால் தோளில் ஒரு தட்டு தட்டினால் ஓடு, இரண்டு தட்டினால் உட்கார் என்று பேசி வைத்துக்கொண்டோம். கிளம்புவதற்கு முன் அதை நின்ற இடத்திலேயே ஒத்திகை பார்த்தார்கள். இந்தி தெரியாதவர்கள் இப்படிச் செய்துகொள்வது ரொம்ப நல்லது. இறங்கும்போது காலைத் தூக்கிக்கொள்ள வேண்டுமா, நின்று ஓடவேண்டுமா என்பதையும் மேலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

காற்று வந்தது. அப்பா ஓடினார். பத்துப் பன்னிரண்டு எட்டுக்குள் தரை போய்விட்டது. அடுத்தது என் முறை.

மேலே சத்தமே இருக்காது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். காதோரம் காற்று இரைந்துகொண்டே இருக்கும். கூடவே பைலட்டிடம் இருக்கிற வேரியோமீட்டர் என்ற கருவி ‘பீப் பீப்’ என்று கத்தும். மேலே ஏறினால் வேகமாகக் கத்தும், இறங்கினால் அடங்கிவிடும். காற்று சும்மா இருக்கிற நேரத்தில் டேன்டம் வினாடிக்கு ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இறங்கிக்கொண்டே இருக்கும். ஆயிரம் மீட்டர் இறங்கக் கால்மணி நேரம் ஆகும். டேன்டம் பயணம் பெரும்பாலும் பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிவது அதனால்தான். அதற்குமேல் மேலே இருக்க வேண்டுமென்றால் சூடாகி எழும்புகிற காற்றுத்தூணைக் கண்டுபிடித்து அதற்குள்ளேயே சுற்றவேண்டும். தெர்மல் என்கிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. பறவைகளைப் பார்த்துத்தான் போகிறார்கள். எங்களுக்கு இடதுபக்கம் இமயமலைப் பாறு இரண்டு, இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு ஏறிக்கொண்டிருந்தன. பைலட் நேராக அங்கே திருப்பினார். கருவி கத்த ஆரம்பித்தது. ஒரு பாறு எங்களுக்குச் சமமாக வந்தது. இறக்கை நுனியில் விரல்விரலாகப் பிரிந்திருந்த இறகுகள் தனித்தனியே நடுங்குவது தெரிந்தது. கும்பாபிஷேகத்தன்று கலசத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் நம் எல்லோர் கண்ணும் வானத்தில் கருடனைத்தான் தேடும். அந்த வட்டத்துக்குள்ளே நானும் ஒருத்தனாகச் சுற்றுகிறேன் என்று நினைத்ததும் கை தானாகக் கும்பிட்டுக்கொண்டது.

அப்பா கீழே வந்து முதலில் பேசியது வாய்க்காலைப் பற்றி. சித்திரையில் அங்கே கோதுமை பழுத்து நிற்கிறது. மலையடிவாரத்தில் படிப்படியாக வயல், நடுவே கோடு இழுத்த மாதிரி சின்னச் சின்ன வாய்க்கால். ‘மேட்டிலிருந்து மேட்டுக்குத் தண்ணி எப்படிடா கொண்டுபோறான்?’ என்று கேட்டார். பைலட்டிடமே கேட்டோம். அதற்குக் கூல் என்று பெயராம். தௌலாதாரில் பனி உருகி வருகிற ஓடையை மேலேயே மறித்து, சரிவோடு வளைத்து ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற ஆளுக்குக் கோலி என்று பெயர். மோட்டார் கிடையாது, வாட்டம் மட்டும்தான். மேட்டூர் திறக்கிற ஜூன் 12ஐயே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு அது போதும். மறுநாள் காலை அப்பா எங்களை விட்டுவிட்டு ஒரு வாய்க்கால் கரையோடு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

நம் ஊரிலேயே ஏன் பறக்க முடியாது என்று என் பையன் கேட்டான். சரிவு வேண்டும், நம்மிடம் சரிவு இல்லை. எழும்புகிற காற்று இங்கேயும் உண்டு. கோடையில் தரிசு வயலில் மத்தியானம் சருகையும் புழுதியையும் சுருட்டிக்கொண்டு சூறைக்காற்று கிளம்புகிறதே, அதுவும் சூடான தரையிலிருந்து எழும்புகிற காற்றுதான். தண்ணீர் கட்டிய வயல் அவ்வளவு சூடாகாது, அதனால் நடவுக்குப் பிறகு அதைப் பார்ப்பது அரிது.

அலையாத்தி (முத்துப்பேட்டை):

அண்ணே, அப்பா புல்லைக் கிள்ளி விட்டதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

நாங்கள் பறந்தது நேபாளத்தில், போக்ராவில். சாராங்கோட் என்ற இடத்தில் கிளம்பி ஃபேவா ஏரிக்கரையில் இறக்கினார்கள். மேலே ஏறியதும் வடக்கே அன்னபூர்ணா மலைகள் வரிசையாக நிற்கும். மீன் வால் மாதிரி பிளந்த உச்சியோடு மச்சாபுச்சாரே, 6,993 மீட்டர். கீழே பார்த்தால் ஏரி. கடலோர ஆளான எனக்குத் தண்ணீருக்கு மேலே போனதும் ஒரு தைரியம் வந்தது, காரணம் தெரியவில்லை.

ஒரு விஷயம் சேர்க்கவேண்டும். நடுப்பகலில் தெர்மல் பலமாக இருக்கும், தூக்கித் தூக்கிப் போடும். என் வீட்டம்மாவுக்கு வட்டம் சுற்றச் சுற்ற வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பைலட்டிடம் உடனே சொன்னார். அவர் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஏரிக்குமேல் நேராக ஓட்டிக்கொண்டு போனார். தூரத்து மலையையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். கொஞ்சத்தில் சரியாகிவிட்டது. பொறுத்துக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், ஆரம்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள். தலை சுற்றுகிற ஆட்கள் காலை நேரத்தில் போவது உத்தமம், காற்று சாதுவாக இருக்கும். கடைசியில் சர்ரென்று திருகி இறக்கிக் காட்டட்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மாயூரத்துக்காரி:

நான் பறக்கவில்லை. பறக்காமல் திரும்பிய கதையையும் இங்கே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

வேறொரு மலை ஊரில், விடுமுறைக் கூட்ட நேரம். பெயர் வேண்டாம். வரிசையில் நின்றோம். என் முறை வந்ததும் ஒருவர் ஹெல்மெட்டை மாட்டினார், இன்னொருவர் நெஞ்சுப்பட்டையைப் பூட்டினார், அப்படியே சரிவுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்கள். குனிந்து பார்த்தால் வலது தொடைப்பட்டை பூட்டாமல் தொங்குகிறது. ஹார்னஸில் நம்மை விழாமல் பிடித்துக்கொள்வதே தொடைப்பட்டைதான். காட்டினேன். ‘ஆமா ஆமா’ என்று ஒருவர் பூட்டினார். மன்னிப்பும் இல்லை, மற்றதைச் சரிபார்க்கவும் இல்லை. ‘சீக்கிரம் வாங்க மேடம், பின்னாடி ஆள் நிக்குது’ என்றார்கள்.

நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கட்டின பணம் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படியா என்று கூட வந்தவர்கள் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்தத் தொங்குகிற பட்டைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு முன்னால் போன பிள்ளைகளுக்கெல்லாம் யார் குனிந்து பார்த்தார்கள்? இதை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. தொடையில் இரண்டு, நெஞ்சில் ஒன்று, ஹெல்மெட் ஒன்று, பைலட்டோடு உங்களை இணைக்கிற கொக்கி இரண்டு பக்கமும். நீங்களே தொட்டுப் பார்த்துவிட்டு ஓடுங்கள்.

குடமுருட்டிக்கரை:

அக்கா, நீங்கள் செய்ததுதான் சரி. எங்கள் பைலட் ஒவ்வொரு கொக்கியையும் பூட்டி, அப்பா கையைப் பிடித்து அதன்மேல் வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு இன்னொரு முறை தானே பார்த்தார்.

கொரடாச்சேரி:

சார், ஐப்பசியில் போகலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாத்திரை சாப்பிடுகிறார். ஆனால் ஆசை இருக்கிறது. ஏற்றலாமா?

குடமுருட்டிக்கரை:

தம்பி, முதலில் அம்மாவைப் பார்க்கிற டாக்டரிடம் கேளுங்கள். முழங்கால், முதுகெலும்பு, இதயம், ரத்த அழுத்தம் எதுவாக இருந்தாலும் பைலட்டிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும். எதிர்க்காற்று நன்றாக இருந்தால் சில எட்டிலேயே தூக்கிவிடும். காற்று மந்தமாக இருந்தால் நிறைய ஓடவேண்டியிருக்கும், இறங்கும்போதும் அப்படித்தான். ஆகவே டாக்டர் சரி என்று சொன்னாலும், காற்று நல்லபடி வருகிற நேரம் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். எடைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று முடிவானால் அம்மாவை இறங்குகிற மைதானத்தில் உட்காரவையுங்கள். ஒவ்வொருவராக வந்து இறங்குவதை அங்கிருந்து பார்க்கலாம். பக்கத்திலேயே பைஜ்நாத் இருக்கிறது. 1204இல் கட்டிய கல்கோயில், சுவாமி வைத்தியநாதர். வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போய்க் கும்பிடுகிற நம் ஜனங்களுக்கு அங்கே நிற்க மனசு நிறையும்.

ஐப்பசி நல்ல காலம்தான். ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலம் என்று பறக்கத் தடை போட்டிருப்பார்கள், நமக்கு ஆடிக்காற்று அடிக்கிற சமயம் அது. அக்டோபரில் வானம் தெளிந்துவிடும். தீபாவளிக் கூட்டம் இருக்கும், ரயிலுக்கு இப்போதே போட்டுவிடுங்கள். பில்லிங்குக்கு இரண்டு பகலாவது ஒதுக்குங்கள். அதிகாலையில் மேலே நல்ல குளிர் இருக்கும், அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதுக்குக் குல்லாவும் மறக்கவேண்டாம்.